பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீட்டு ஹோட்டல்: தலைமாட்டுச் சுவரில் உப்பு

பட்டர்வொர்த்வாசி:
பழைய கடைவீட்டை (கீழே கடை, மேலே வீடு) புதுப்பித்த ஹோட்டல், கீழ்த்தள அறை. பெயர் வேண்டாம். பூவேலைத் தளஓடு, பழைய மரக்கதவு, எல்லாமே நேர்த்தி. ஆனா தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால பெயிண்ட் கொப்புளிச்சு நிக்குது. தொட்டா வெள்ளைப் பொடி. இடுப்பு உயரத்துல கோடு போட்ட மாதிரி நின்னுடுது, அதுக்கு மேல சுவர் சுத்தம். புதுப் பூச்சு இது. எப்படி?

சுண்ணாம்புப்பிரியன்:
ஓதம் ஏறுது. அந்தக் காலச் சுவருக்கு அடியில ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணோட ஈரம் செங்கல் வழியா ஏறும். சுண்ணாம்புப் பூச்சா இருந்தா அது வெளியே மூச்சா போயிடும். மேல சிமெண்டு பூசி அக்ரிலிக் பெயிண்ட் அடிச்சா வழி அடைபடுது. ஈரம் இன்னும் மேல ஏறும், உப்பு பெயிண்டுக்கு அடியில படிகமாகித் தள்ளும்.

திருத்தணும்னா சிமெண்டை ஓதக்கோட்டுக்கு ஓரடி மேல வரை கொத்தி எடுக்கணும். ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக்கணக்காகும், அவ்வளவு நாள் காய யாரும் விடுறதில்ல. பிறகு சுண்ணாம்புச் சாந்து. ஒவ்வொரு பூச்சும் திடீர்னு காயாம நனைச்சு வைக்கணும். கடைசியா பால் பதத்துல வெள்ளையடிப்பு, மெல்லிசா பல கை. லீத் தெரு நீல மாளிகையில சுண்ணாம்போட அவுரிச் சாயம் கலந்துதான் அந்த நீலம். 2000-இல் யுனெஸ்கோ விருது வாங்கின வேலை அது.

தஞ்சோங் தொக்கோங்:
சிமெண்டு மேல மட்டும் பழி போடாதீங்கண்ணே. தரையைப் பார்த்தீங்களா? பழைய தளஓட்டைப் பெயர்த்துட்டு கான்கிரீட்டும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டா, தரை வழியா போன ஈரமும் சுவருக்குத்தான் திரும்பும். சுவரை மட்டும் சுண்ணாம்பாக்கினா பாதி வேலை.

புலாவ் திக்குஸ் அக்கா:
நான் பார்த்தது வேற. நடுமுற்றத்துக்கு மேல கண்ணாடி மூடி, பக்கத்துல காத்து போக ஒரு பிளவுகூட இல்ல. மாடி அறைகள்ல பகல் முழுக்கப் புழுக்கம்.

அறை எடுக்கிறவங்க இதைப் பாருங்க. கடைவீடு குறுகி நீண்டது, ரெண்டு பக்கமும் பொதுச்சுவர். அதனால நடு அறைக்கு ஜன்னல் முற்றத்தைப் பார்த்துதான் இருக்கும், சில அறைக்கு அதுவும் இல்ல. ‘ஜன்னல் எங்க திறக்குது?’னு எழுத்துல கேளுங்க. பலகைத் தரைன்னா கீழ் அறையில இருக்கிறவங்களுக்கு மேல நடக்கிறது கேக்கும்; மேல்மாடி எடுங்க. தெரு முகப்பு அறை அழகு, ஆனா சூலியா தெருப் பக்கம்னா ராத்திரி சத்தம். பின்பக்க மேல்மாடிதான் என் தேர்வு. உள்ளே போனதும் முழங்கால் உயரத்துல சுவரை விரலால தட்டுங்க, உள்ள வெற்றிடம் இருக்கிற மாதிரி சத்தம் வந்தா பூச்சு கழண்டிருக்கு. ஏர்கோன் போடுறதுக்கு முன்னாடி வாசனை பிடிங்க, ஈரவாடை அப்பத்தான் தெரியும். 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கி, 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த பிறகு அவசரமா ஹோட்டலான வீடுகள்ல இதெல்லாம் பார்க்கணும்.

தஞ்சோங் தொக்கோங்:
கண்ணாடி மூடுறதே தப்பில்ல அக்கா. கூரையை ஓரடி உயர்த்தி நாலு பக்கமும் காத்து போக இடைவெளி விட்ட சாய்பலகை வச்சா மழை வராது, சூடு மேல போயிடும்.

பட்டர்வொர்த்வாசி:
தரை புதுசுதான். ஓட்டுக்கு இடையில சந்தே தெரியல. தலைமாட்டுக்கு எதிர்ச்சுவர்லயும் அதே கோடு.