பழைய காருக்கு எதை நாமே பார்க்கலாம், எதை மெக்கானிக்கிடம் விடலாம்?

திருநகர்வாசி:

வணக்கம். 2017 மாடல் பெட்ரோல் கார், 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் திரி வேறு பக்கம் போய்விடும். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. தினமும் மதுரை திருநகரிலிருந்து கப்பலூர் சிட்கோ போய் வருகிறேன். அவ்வப்போது தேனிப் பக்கம் மாமனார் ஊர், வருஷத்தில் எப்போதாவது கொடைக்கானல்.

இந்தத் தடவை சர்வீஸ் பில் ரூ. 11,400. ஆயிலும் ஆயில் பில்டரும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்தான். மீதியெல்லாம் ஏர் பில்டர், ஏசி பில்டர், அதற்கு லேபர், வைப்பர், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் பாகம்) கிளீனிங், ஏசி கிருமி நீக்கம், இன்ஜின் டிரெஸ்ஸிங், வீல் அலைன்மென்ட். மச்சினன் யூடியூப் பார்த்து ஆயிலே நீங்கள் மாற்றலாம் மாமா என்கிறான். அம்மாவோ காருக்கு அடியில் படுத்தால் சோறு கிடையாது என்கிறார்கள். வீட்டில் போர்ட்டிகோ உண்டு, காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கப் பள்ளம் கிடையாது. சாமான் என்றால் ஒரு ஸ்பேனர் செட்டும் காரோடு வந்த ஜாக்கியும்தான். எதை நான் தொடலாம்?

டெப்போ பிட்டர்:

தம்பி, நான் அரசு பஸ் டெப்போவில் பிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன், கோச்சடையில் இருக்கிறேன். என் காரையும் மகள் காரையும் நான்தான் பார்க்கிறேன். பார்ப்பது வேறு, கழற்றுவது வேறு. பார்க்கிற வேலை முழுவதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுகிற வேலை என்றால் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இது தப்பாகப் போனால் கார் எங்கே நிற்கும்? போர்ட்டிகோவிலேயே நிற்கும் என்றால் தைரியமாகச் செய்யுங்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது நிற்காமல் போகும் என்றால் கையே வைக்காதீர்கள்.

ஏர் பில்டருக்கு லேபர் கொடுப்பது வீண். நாலைந்து கிளிப், சில வண்டிகளில் ஸ்க்ரூ, அவ்வளவுதான். சிம்மக்கல் பக்கம் ஸ்பேர்ஸ் கடையில் மாடலும் வருஷமும் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். மேலூர் ரோட்டில் கல் லாரிகளுக்குப் பின்னால் போகிறவர்கள் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்குக் காத்திருக்கக் கூடாது. நம் ஊர்த் தூசிக்குப் பாதியிலேயே திறந்து பார்க்க வேண்டும். பேப்பர் பில்டரைக் கழுவாதீர்கள். காற்று அடித்தால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக, மெதுவாக அடியுங்கள்.

ஏசி பில்டர் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? அப்படியானால் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கருப்பு வலையையும் பாருங்கள். பூவும் சருகும் அதில்தான் சேரும். மழைத்தண்ணீர் வடிகிற வழி அடைத்துக்கொண்டால் உள்ளே ஈர வாடை வரும். அதற்கு ஏசி கிருமி நீக்கம் என்று ஸ்ப்ரே அடித்துப் பில் போடுவார்கள். சருகு அங்கேயே இருந்தால் வாடை மறுபடியும் வரும்.

வைப்பர் ரப்பர் நம் ஊர் வெயிலில் காய்ந்து விறைத்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள். பிளேடைக் கழற்றியதும் கண்ணாடியில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். வெறும் கம்பி ஸ்பிரிங்கோடு வந்து அடித்தால் கண்ணாடி கீறும், சில சமயம் உடையும். சில நூறு ரூபாய் வேலை பெரிய செலவில் முடியும்.

காற்று. இதைத்தான் யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. கப்பலூர் வரை ஓட்டிவிட்டுப் பங்கில் பார்த்தால் கூடத்தான் காட்டும். கூட இருக்கிறதே என்று இறக்கிவிடுவார்கள், மறுநாள் காலை குறைவாக இருக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற சின்ன பம்பு ஒன்று வாங்குங்கள், காலையில் வண்டி எடுக்குமுன் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். நைட்ரஜன் என்று தனிக் காசு கேட்டால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான் என்று சொல்லிவிட்டு வாருங்கள். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம். பட்டன் (ரோட்டில் படும் வரிப் பகுதி) நன்றாக இருந்தாலும் வயதான ரப்பரை நம்பி பைபாஸில் போகாதீர்கள்.

பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரும் பழைய பிரஷ்ஷும் போதும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் அளவைப் பக்கத்து டப்பாவில் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், அதில் விளையாட்டு வேண்டாம். அளவு குறைந்தால் அதே வகைக் கூலன்ட்டையே ஊற்றுங்கள். போர்த் தண்ணீர் ஊற்றினால் அந்த உப்பு ரேடியேட்டருக்குள் படியும். திரும்பத் திரும்பக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அப்போது மெக்கானிக்.

பிரேக் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பாருங்கள், அதோடு சரி. குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பாதீர்கள். பிரேக் பிடிக்கும் பேடு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கசிவு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் முழுக்க மாற்றச் சொல்லுங்கள். அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அது 155 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும், பெடல் பஞ்சாக அமுங்கும். உங்கள் பில்லில் இது இல்லவே இல்லை, கவனித்தீர்களா? டிரெஸ்ஸிங் இருக்கிறது. அது இன்ஜின் மேல் பளபளப்புக்கு அடிக்கிற பூச்சு.

அலைன்மென்ட் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் தேய்ந்தாலோ செய்தால் போதும். த்ராட்டில் பாடியும் அப்படித்தான். ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கினால் பார்க்கலாம். செய்யப்போகும் வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன்பே இதையெல்லாம் நீக்கச் சொல்லுங்கள். பில் வந்த பிறகு பேசிப் பயனில்லை.

ஆயில் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் பள்ளம் இல்லாத வீட்டில், காரோடு வந்த ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. அது டயர் மாற்ற மட்டும்தான். உங்கள் அம்மா பேச்சைக் கேளுங்கள்.

உசிலை சம்சாரி:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆயிலில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் தோட்டத்தில் டிராக்டருக்கு வெட்டிய பள்ளம் இருக்கிறது. கார் ஆயிலும் அங்கேதான். புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடு கேனையும் பில்டரையும் கடையில் நாமே வாங்கினால் செலவு நன்றாகவே குறைகிறது. அதைவிட, என்ன ஆயில் ஊற்றினோம் என்று நமக்குத் தெரியும்.

வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். வடிகால் போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர். போல்ட்டை முறுக்குகிற இடத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். அலுமினிய சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) என்றால் ஒரு முறுக்கு கூடப் போனாலும் மரை போய்விடும். பில்டர் ரப்பரில் புது ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும். ஸ்டார்ட் செய்து ஒழுகலைப் பார்த்துவிட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்து டிப் ஸ்டிக் பாருங்கள்.

கிராமத்துப் பக்கம் இன்னொன்று, எலி. பானட்டைத் திறந்து வயரைப் பார்ப்பது எங்களுக்குத் தினசரி வேலை. புகையிலையைத் துணியில் கட்டி உள்ளே வைக்கிறோம். சில எலிகளுக்குப் பிடிக்கவில்லை, சிலவற்றுக்கு அதுவும் பழகிவிட்டது.

ஒத்தக்கடை டீச்சர்:

நான் கழற்றுகிற கட்சி இல்லை. எனக்கு நேரமும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் படுவதில் ஆசையும் கிடையாது. ஆனால் டெப்போ அண்ணன் சொன்ன பார்க்கிற வேலையை நான் விடுவதில்லை. பானட்டைத் திறக்கத் தெரிந்த பெண் என்று தெரிந்ததும் ஒர்க்‌ஷாப்பில் பேச்சே மாறுகிறது. "எந்தப் பேடு, எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?" என்று கேட்டால் கழற்றிக் காட்டுகிறார்கள்.

நீங்களே மாற்றினாலும் பில்லை எல்லாம் ஒரு கவரில் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். காரை விற்கப் போகும்போது சர்வீஸ் ஹிஸ்டரி எங்கே என்று கேட்பார்கள்.

டெப்போ பிட்டர்:

சம்சாரி தம்பி, பள்ளம் இருக்கிறவர் செய்யலாம், நான் குறுக்கே நிற்கவில்லை. கழிவு ஆயிலை என்ன செய்கிறீர்கள்? கிணற்றுப் பக்கம் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

உசிலை சம்சாரி:

கொஞ்சம் வண்டிச் சட்டத்துக்கும் வேலிக்காலுக்கும் கரையான் பிடிக்காமல் பூசுவோம். மீதி கேனில் அடைத்து டிராக்டர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும், அவர்களிடம் பீப்பாயில் எடுக்க ஆள் வருகிறது.

டெப்போ பிட்டர்:

ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பது சரி. பூசுகிற வேலையை விட்டுவிடுங்கள், மழைக்கு அது மண்ணில்தான் இறங்கும். கையில் வெகுநேரம் ஊற விடவும் கூடாது, தோலுக்கு ஆகாது.

திருநகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. முடிவு: ஆயிலும் பிரேக்கும் மெக்கானிக்கிடம், மற்றதெல்லாம் என்னிடம். அடுத்த தடவை பிரேக் ஆயில் என்று ஜாப் கார்டில் நானே எழுதச் சொல்வேன். இப்போதே ஏசி பில்டரைக் கழற்றிவிட்டேன், உள்ளே வேப்பம்பூ குப்பை குப்பையாக. புதியதில் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறது, மேலே பார்க்க வேண்டுமா கீழேயா?

டெப்போ பிட்டர்:

அம்பு என்றால் காற்று போகிற திசை. பெரும்பாலான வண்டிகளில் கீழ்நோக்கித்தான் இருக்கும், ஆனால் நம்பி மாட்டாதீர்கள். பழைய பில்டரைப் பாருங்கள். அழுக்கு அதிகம் படிந்த பக்கம்தான் காற்று உள்ளே வருகிற பக்கம். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று நினைவிருந்தால் அப்படியே மாட்டுங்கள். அதுவரை ப்ளோயரைப் போடாதீர்கள், மிச்சப் பூவெல்லாம் ஃபேனுக்குள் போய்விடும்.