டிரை/வெட்: ‘உலர் ஒலி, ஈர ஒலி’ வேண்டாம், ‘நேரொலி, தோய்வொலி’ ஆகுமா?

வணக்கம்.

ஐயா, ஒலிப்பதிவில் முழக்கம் சேராத ஒலியை ‘டிரை’ (dry) என்றும், முழக்கம் சேர்க்கும் கருவியிலிருந்து வரும் ஒலியை ‘வெட்’ (wet) என்றும் சொல்கிறோம். அவற்றுக்கு முன்மொழியப்பட்ட ‘உலர் ஒலி’, ‘ஈர ஒலி’ இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோ ஒன்றில் பாடகரிடம் “குரல் உலர்ந்திருக்கிறது” என்றால் அவர் தண்ணீர் பாட்டிலைத்தான் தேடுவார். தமிழில் குரல் வறள்வது தொண்டையின் சங்கதி. அறையின் முழக்கம் சேராமல், மைக்கில் வாங்கியபடியே இருக்கும் ஒலிக்கு ‘நேரொலி’ போதும்.

‘வெட்’ என்பதற்குத்தான் யோசிக்க வேண்டும். ‘எதிரொலி’ எக்கோவுக்குப் போய்விட்டது. ஓர் இடத்தின் முழக்கத்தைப் பதிவில் ஏற்றும் கன்வல்யூஷன் ரிவெர்ப் செய்வதோ வேறு. பத்துமலைக் குகைக்குள் ஒரு பலூனை உடைத்து, குகை அதற்குத் தரும் மறுமொழியைப் பதிவு செய்கிறோம் என்று வையுங்கள். அதுதான் ஐ.ஆர். (impulse response). அப்புறம் நாகஸ்வரப் பதிவின் ஒவ்வொரு சாம்பிளும் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்களில் ஒவ்வொன்றும்) அந்த மறுமொழி முழுவதையும் தன் அளவுக்கேற்ப எழுப்புகிறது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகின்றன. சாயத்தில் முக்கியெடுத்த துணிபோல ஒலி அந்த இடத்தில் தோய்ந்து வருகிறது. அதனால்தான் ‘தோய்வொலி’.

இரண்டின் கலவை விகிதத்தை மாற்றும் குமிழில் ‘தோய்வு’ என்று மட்டும் எழுதலாம். 0% என்றால் நேரொலி மட்டும், 100% என்றால் தோய்வொலி மட்டும். சென்ட் வழியாக, அதாவது ஒலியின் நகலை ரிவெர்புக்குத் தனியே அனுப்பிப் போடுகிறவர்கள் 100%இல் வைத்து, அளவை ஃபேடர் என்ற ஒலியளவுக் கட்டுப்பாட்டில் பார்த்துக்கொள்வார்கள். “தோய்வை முழுசா வை, ஃபேடரைக் குறை” என்பது வாயில் தடங்கலில்லாமல் வருகிறது.

சொல்லுக்கு உண்மையான சோதனை இன்னொன்று. ஐ.ஆர். கோப்பின் தொடக்கத்தில், சுவரில் படாமல் நேராக மைக்குக்கு வந்த ஒலியும் இருக்கும். அதை வெட்டாமல் விட்டால் தோய்வொலிக்குள்ளேயே நேரொலி இன்னொரு முறை வந்து சேரும். ஓரிரு மில்லிவிநாடி பிந்தினால் போதும், சில அலைவெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தவிலின் வலந்தலைக்குரிய கணீர் மங்கிவிடும். “தோய்வொலியில் நேரொலி கலந்திருக்கிறது, வெட்டு” என்றால் எவருக்கும் புரியும். ‘ஈரத்துக்குள் உலர்ந்தது’ என்றா சொல்வது?

தோய்வொலி தொடங்குமுன் விடும் சிறு இடைவெளியான பிரீ-டிலேவுக்கு (pre-delay) முன்மொழியப்பட்ட ‘முன்தாமதம்’ சரி.

ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. ‘தோய்வு’ என்பதில் நெடில் சற்றுக் குறுகினால் ‘தொய்வு’ ஆகி, தளர்ச்சி என்று பொருள்பட்டுவிடும். எழுத்தில் சிக்கலில்லை, சத்தமான அறையில் காதில் எப்படி விழும்? பினாங்கில் கோயில் இசையைப் பதிவு செய்கிற நண்பர்கள் அடுத்த மிக்ஸிங்கில் இதைப் புழங்கிப் பார்த்துச் சொல்லுங்கள். குழப்பம் வந்தால் குமிழுக்கு ‘தோயல்’ என்று வைத்துக்கொள்ளலாம். நேரொலியை மாற்ற வேண்டியதில்லை.