மூன்று ஏக்கர் நன்செயைத் தோப்பாக்கலாமா?

மன்னார்குடி வாசகர்:
குறுவை, தாளடி என இரண்டு போகம் நெல் சாகுபடி செய்து வருகிறேன். நெல் வயலே பூமியைச் சூடாக்குகிறது என்றும், மூன்று ஏக்கரையும் தேக்குத் தோப்பாக்கிவிட வேண்டும் என்றும் வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் வற்புறுத்துகிறான். மனம் ஒப்பவில்லை, மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பாபநாசம் வாசகர்:
ஐயா, தங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை உண்டு. தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணுக்குள் காற்று புகாததால், அங்குள்ள நுண்ணுயிர்கள் மட்கும் பொருள்களிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்க, அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதற்காக நெல்லைக் கைவிட வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேன் பாதியளவுக்குக்கூடக் குறையும். துளையிட்ட பிவிசி குழாயை வயலில் ஊன்றி, அதனுள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மீண்டும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுகிறேன், பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடுவதில்லை. முதல் ஆண்டு மயிரிழை வெடிப்பைக் கண்டதும் என் தகப்பனார் மடையைத் திறக்க மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். யூரியாவை ஒரே தடவையில் கொட்டினால் பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடிவிடும், பிரித்து இடுங்கள். இதெல்லாம் பம்புசெட் உள்ள குறுவை வயலுக்குத்தான் பொருந்தும். வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீரை நம்பியிருப்பவர் வந்த நீரைத் தேக்கத்தான் செய்வார். ஐப்பசி அடைமழையில் தாளடியைக் காயவிடுவது யாராலும் ஆகாது.

முத்துப்பேட்டை வாசகர்:
தேக்குக்கு வடிகால் வேண்டும். வாய்க்கால் கரையில் நன்றாக வளரும், நீர் தேங்கும் களிமண் வயலில் சவலையாகவே நிற்கும். கடலோரச் சேற்றில் வளரும் எங்கள் அலையாத்திக் காட்டின் கதை வேறு. காற்றில்லாத சேற்றில் புதையும் இலையும் வேரும் எளிதில் மட்காததால், மரங்கள் காற்றின் கரியமில வாயுவிலிருந்து எடுக்கும் கரிமம், மரத்தில் இருப்பதைவிட மண்ணிலேயே அதிகம் சேர்கிறது. ஆனால் அங்கும் நாற்றை நட்டால் மட்டும் போதவில்லை. உப்பேறிப் பொட்டலாய்க் கிடந்த இடங்களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி கடலின் ஓதநீரை உள்ளே விட்ட பிறகுதான் அலையாத்தி மரமான வெண்கண்டல் தழைத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டையும் சிதைத்தது. எங்கள் தென்னந்தோப்புகளோ வேரோடு சாய்ந்தன. தோப்பில் சேர்த்த கரிமத்தை ஒரே இரவில் இழக்க நேரிடும் என்பதையும் தங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

மன்னார்குடி வாசகர்:
இருவருக்கும் நன்றி. பம்புசெட்டை ஒட்டிய ஓர் ஏக்கரில் வரும் குறுவைக்குக் குழாய் ஊன்றிப் பார்க்கிறேன். தேக்கு வாய்க்கால் கரையோடு நிற்கட்டும். குழாயில் துளையிடும் வேலையை மகனிடமே ஒப்படைத்திருக்கிறேன்.