அப்பாவுக்காக வெந்நீர்த் தொட்டி உள்ள வீடு: ஏரிப் பக்கமா, கடல் பக்கமா?

ஈசூன் மகள்

ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து போய் ஒரு வாரம் இங்கிலாந்தில் தங்கப் போகிறோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். அப்பாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாதம் இரண்டு முறை விடிகாலையில் அவரைச் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். 70 டிகிரியில் வரும் ஊற்று நீர் தட்டுத் தட்டாக ஆறி இறங்கும் இடத்தில், கால்களை நனைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். எழுந்து நடக்கும்போது முகமே தெளிந்திருக்கும். போன மாதம், "இடுப்பு வரை இறங்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்றார். தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்திராத மனிதர்.

அதனால் வெந்நீர்த் தொட்டி (hot tub, வெளியில் உட்கார்ந்து ஊறும் தொட்டி) உள்ள இரண்டு வாடகை வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வடமேற்கில், ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டில் ஆம்பிள்சைடு அருகே உள்ள பழைய கல் வீடு. தோட்டத்துக் கோடியில் விறகில் சூடாகும் தொட்டி. மற்றது தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் பக்கம், மாடி முற்றத்திலிருந்து கடல் தெரியும், மின்சாரத் தொட்டி. வாடகை 300 பவுண்டு கூடுதல். படங்களில் இரண்டுமே அழகு. வேறு எதைப் பார்த்து முடிவு செய்வது? வயதானவர்களோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொங்கோல் மருமகள்

சகோதரி, வீட்டுக் கதவிலிருந்து தொட்டி எத்தனை அடி தூரம் என்று முதலில் கேளுங்கள். 2023 ஜூனில் மாமியாரோடு போனோம். எங்கள் தொட்டியும் தோட்டத்துக் கோடியில்தான். இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிர். போகும்போது தெரியவில்லை. திரும்பும்போது ஈர உடையோடு, வழுக்கும் கல் பாதையில் மாமியார் நடுங்கிப் போனார். அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை. வாடகை கொடுத்த எங்களுக்கு அது மனத்தாங்கல்தான். ஆனால் அவர் ஏமாந்ததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அடுத்தது விளிம்பின் உயரம். தரைமேல் வைத்த தொட்டிகள் பலவும் 90 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். படி ஏறிவிடலாம். விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைக்கும்போதுதான் முழங்கால் நன்றாக மடங்க வேண்டும். பலகைத் தளத்துக்குள் இறக்கிப் பதித்த தொட்டியா, கைப்பிடி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றும் அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரப் படங்களில் நுரையும் ஒயின் கோப்பையும்தான் தெரியும், படி தெரியாது.

விறகுத் தொட்டி சூடாகவே மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். பிறகு சூடு ஏறிக்கொண்டே போகலாம், யாராவது பக்கத்திலேயே நிற்க வேண்டும். அப்பாவுக்கு மின்சாரத் தொட்டிதான் சரி. ஒரு குடும்பம் கிளம்பியதும் நீரை வடித்து, கழுவி, புதிதாக நிரப்புவார்கள். அப்படித்தான் செய்யவும் வேண்டும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிறிய தொட்டிகளில் மணிக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் சூடு ஏறும். மாலை நான்கு மணிக்கு நீங்கள் போய்ச் சேரும்போது வெதுவெதுப்புக்கூட இருக்காது. முதல் நாள் இரவே இறங்கலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

செவிலியர் அக்கா

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வேலை செய்கிறேன். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் என்றால் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். 40 டிகிரிதான் உச்ச வரம்பு. அப்பாவுக்கு 37 போதும், பத்து நிமிடம் போதும். நீரிழிவு இருந்தால் பாதத்தில் சூடு தெரியாமல் போகலாம், அதனால் நீங்கள் வெப்பமானியைப் பார்த்த பிறகே அவர் இறங்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வெந்நீர் என்றாலே நல்லெண்ணெய் நினைவுக்கு வரும். அங்கே அது வடிகட்டியை அடைத்துவிடும்.

மான்செஸ்டரில் படித்தவன்

இரண்டையும் விடுங்கள் அக்கா. கார்ன்வால் வெகு தூரம், லண்டனிலிருந்து செயின்ட் ஐவ்ஸ் அருகிலுள்ள பென்சான்ஸுக்கு ரயிலிலேயே ஐந்து மணி நேரம். பதின்மூன்று, பதினான்கு மணி நேர விமானப் பயணத்துக்குப் பின் அந்த முழங்கால்களுக்கு இது வேண்டாம். மான்செஸ்டருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து ஏரிகளுக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நம் ஊர் போலவே இடப் பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

ஏரிகளுக்கு நடுவே மழை அதிகம். பாரோடேலில் உள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சிங்கப்பூரைவிட அதிகம். தெற்கே மோர்கேம் விரிகுடாவை ஒட்டி கிரேஞ்ச்-ஓவர்-சாண்ட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மழை குறைவு, கடலோரமாகக் கார் நுழையாத சமதள நடைபாதை உண்டு, விண்டர்மியர் ஏரியும் பக்கம். ஒரே ஓர் எச்சரிக்கை: மணலில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், அது புதைமணல்.

இங்கிலாந்தில் பள்ளிகள் ஜூலைக் கடைசியில்தான் மூடும். அதனால் ஜூன் வாடகை ஆகஸ்டைவிடக் குறைவாக இருக்கும். சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகும். சாப்பாட்டுக்குப் பிறகும் அப்பா வெளிச்சத்திலேயே இறங்கலாம்.

ஈசூன் மகள்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வீட்டாருக்கும் எழுதினேன். கடல் வீட்டின் மாடி முற்றத்துக்கு 14 படிகளாம், கைப்பிடியே இல்லையாம். கல் வீட்டில் தொட்டிக்கு இருபது மீட்டர் புல்வெளியைக் கடக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டேன். கிரேஞ்ச் பக்கத்தில் மாடி இல்லாத வீடு ஒன்று கிடைத்திருக்கிறது. சமையலறைக் கதவைத் திறந்தால் நான்கு எட்டில் தொட்டி, தளத்துக்குள் பதித்தது. கைப்பிடி மட்டும் இறங்கும்போது இடப் பக்கம்தான் இருக்கிறது. அப்பாவுக்கு வலது முழங்கால்தான் மோசம். எந்தக் காலை முதலில் வைப்பது, அக்கா?

செவிலியர் அக்கா

இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். வெளியே வரும்போது கைப்பிடி அவருக்கு வலப் பக்கம் வந்துவிடும், அப்போது இடப் பக்கம் உங்கள் கணவர் நிற்கட்டும். ஈசூன் வீட்டுப் படிக்கட்டிலேயே இப்போதிருந்து பழக்கிவிடுங்கள்.