அப்பா சொல்வது 450, திரையில் 300: பழைய செலரான் பற்றி ஒரு சந்தேகம்

யீஷூன்வாசி:
தோ பாயோ வீட்டு ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது அப்பாவின் பழைய கணினி கிடைத்தது. உள்ளே இன்டெல் செலரான் 300ஏ சிபியு, அதாவது கணினியின் மூளையான சிப். அது 450இல் ஓடியது என்று அப்பா அடித்துச் சொல்கிறார். எனக்கோ 300 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் வருகிறது. பேட்டரியை மாற்றினேன். சிபியு அட்டையைக் கழற்றி, அடியில் இருக்கும் தங்க நிறக் கோடுகளை ரப்பரால் தேய்த்தேன். அங்கே ஒட்டிக்கிடந்த பொடி டேப் துண்டையும் சுரண்டி எடுத்துவிட்டேன். பயோஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) வேகத்தை மாற்ற வழியே இல்லை. அப்பாவுக்கு ஞாபகம் பிசகுகிறதோ?

சிம்லிம்_பழசு:
தம்பி, அப்பா சொன்னது சரி. நீங்கள் சுரண்டிப் போட்டதுதான் அந்த 150 மெகாஹெர்ட்ஸ்!

முதலில் வந்த செலரானில் எல்2 கேஷே (அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் வேக நினைவகம்) கிடையாது, சவலைப் பிள்ளை. 1998 ஆகஸ்டில் வந்த 300ஏயில் 128 கேபி கேஷ், அதுவும் சிப்பின் முழு வேகத்தில். பென்டியம் 2இல் 512 கேபி இருந்தாலும் ஓடியது பாதி வேகத்தில்தான். சிப்பையும் மதர்போர்டையும் இணைக்கும் பாதைதான் பஸ்; அதன் வேகத்தைப் பெருக்கு எண்ணால் பெருக்கினால் சிப்பின் வேகம். 300ஏயில் பெருக்கு எண் 4.5 என்று பூட்டியிருக்கும், பஸ் 66 மெகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 100 ஆக்கினால் 450. விலை உயர்ந்த பென்டியம் 2க்கு ஈடு கொடுக்கும்.

பஸ் எவ்வளவு என்று போர்டுக்குச் சொல்வது அந்தத் தங்க நிறக் கோடுகளில் பி21 என்ற ஒரே ஒரு கோடு. அதை டேப்பால் மூடினால் போர்டு 100 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையில் எனக்கு அசெம்பிளி வேலை. செலோடேப்பைப் பிளேடால் நூல் மாதிரி கீறி ஒட்டுவோம். பக்கத்துக் கோட்டில் ஏறினால் கணினி எழாது, மறுபடி முதலிலிருந்து. என் சொந்தச் சிப் 450இல் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.

தெம்பனிஸ்_அக்கா:
ஒட்டுவதற்கு முன் போர்டின் சிப்செட் (போர்டில் இருக்கும் துணைச் சிப்கள்) 440பிஎக்ஸா என்று பாருங்கள். 440எல்எக்ஸ் என்றால் பஸ் 66தான் கணக்கு. ரேமும் 100 பஸ்ஸுக்கு ஏற்ற பிசி100 ஆக இருக்க வேண்டும். விசிறி சுற்றுகிறதா? அதையும் பாருங்கள்.

யீஷூன்வாசி:
பிஎக்ஸ்தான், ரேமும் சரி. மூன்றாவது தடவை ஒட்டியதும் 450 வந்தது. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "டேப்பை எடுத்தது யார்?" என்று கேட்கிறார்.