புதுப்பிப்பு: மாமாவின் கண்ணில் சிஎம்வி வைரஸ், மருந்துக்குக் கட்டுப்பட்டது

எச்ஐவி உள்ள மாமாவுக்குக் கண்முன் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது, சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை) 38தான் என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. விழித்திரையில் சைட்டோமெகலோ வைரஸ் (சிஎம்வி) தொற்று. கண்ணுக்குள் கன்சிக்ளோவிர் ஊசி; கூடவே வால்கன்சிக்ளோவிர் 900 மி.கி., சாப்பாட்டோடு இரண்டு வேளை, 21 நாள். அப்புறம் தினம் ஒரு வேளை மட்டும்.

எதிர்பாராதது இரண்டு. அந்த மாத்திரையால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. வாராவாரம் ரத்தம் பார்த்ததால் தப்பித்தோம். பிறகு ஏஆர்டி (எச்ஐவிக்கான கூட்டு மருந்து) வேலை செய்து சிடி4 ஏறியபோது கண் மறுபடி மங்கியது. வைரஸ் திரும்பிவிட்டதென்று பயந்தோம். இல்லை, எதிர்ப்புச் சக்தி மீண்டதால் வந்த அழற்சியாம். ஸ்டீராய்டு சொட்டில் அடங்கியது.

இடது கண்ணின் ஓரத்தில் போன பார்வை போனதுதான். காலண்டர் தேதியை மட்டும் தானே படிக்கிறார். சிடி4 100க்கு மேல் சில மாதம் நின்றால்தான் மாத்திரையை நிறுத்துவார்களாம்.