கழுவின இரண்டாம் நாளே கார்பெட்டில் கறை திரும்ப வருது: மெஷின் கோளாறா, கெமிக்கல் கோளாறா?

நூல்கண்டு:
அலுவலக கார்பெட். நைலான் லூப், அடியில் ஃபோம் இல்லை, தரையோடு பசை போட்டு ஒட்டினது. சுமார் 1,800 சதுர அடி. ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்ஷன் மெஷின் (தண்ணியைத் தெளிச்சு உடனே உறிஞ்சி எடுக்கிறது), பம்ப் அழுத்தம் 100 பிஎஸ்ஐ, ஹோஸ் 7.5 மீட்டர். டேங்கில் 10 லிட்டர் தண்ணிக்கு 100 மி.லி. கார்பெட் ஷாம்பு. ஈரமா இருக்கும்போது பளிச்னு இருக்கு. காய்ஞ்சதும் டீ சிந்தின இடமெல்லாம் அதே வடிவத்தில் பழுப்பா மேலே வருது. நடைபாதைப் பகுதி மூணு வாரத்தில் முன்னைவிடக் கறுத்துப்போகுது. அடுத்த தடவை ஷாம்புவைக் கூட்டணுமா?

ஈரத்துணி:
கூட்டவே கூடாது. நீங்க சொல்றது ரெண்டு தனித்தனிப் பிரச்சினை.

டீக்கறை அதே வடிவத்தில் ஒன்றிரண்டு நாளில் திரும்பினால், அழுக்கு அடித்துணியில் தங்கியிருக்குன்னு அர்த்தம். கார்பெட் நூலின் நுனியில்தான் முதலில் காயும். அடியிலிருக்கும் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுற மாதிரி, கரைஞ்ச கறையையும் தூக்கிக்கிட்டு நுனிக்கு வரும். தண்ணி ஆவியாகிடும், கறை அங்கேயே நிற்கும். எவ்வளவு அதிகமா நனைக்கிறீங்களோ அவ்வளவு மேலே வரும்.

நடைபாதை கறுக்கறது வேற கதை. நூலில் சோப்பு மிச்சம் இருக்கு, பிசுபிசுப்பில் செருப்புத்தூசி ஒட்டுது. சோதிக்க சுலபமான வழி: காய்ஞ்ச இடத்தில் ஒரு அடி சதுரத்துக்கு வெறும் தண்ணி தெளிச்சு பிரஷ்ஷால் பத்துத் தடவை தேயுங்க. நுரை வந்தா பழைய ஷாம்பு உள்ளே இருக்கு.

சலவை மருந்து டேங்கில் இருக்கவே வேண்டாம். முறை இது:

முதலில் உலர்ந்த கார்பெட்டை நிதானமா வேக்குவம் பண்ணுங்க. மணல் நனைஞ்சா சேறு, அப்புறம் எந்த மெஷினும் இழுக்காது. பிறகு ப்ரீஸ்ப்ரேயை (முன்கூட்டியே தெளிக்கிற சலவை மருந்து; நைலானுக்கு பிஹெச், அதாவது கார-அமில அளவு, 9 முதல் 10) கைப்பம்பில் லேசா தெளிச்சு, பிரஷ்ஷால் தேய்ச்சு, 10 நிமிஷம் ஊறவிடுங்க. ஊறுற நேரத்தில் காய விடக்கூடாது, காய்ஞ்சா அதுவே புதுக் கறை. கடைசியா டேங்கில் வெந்நீர் மட்டும், அல்லது அமில ரின்ஸ் (காரத்தை அடக்கும் அலசல் மருந்து) கலந்து, தெளிச்சு உறிஞ்சி எடுங்க. ரின்ஸ் கைவசம் இல்லைன்னா 10 லிட்டருக்கு 200 மி.லி. வெள்ளை வினிகர் போதும். முடிஞ்சதும் ஈர நூலில் பிஹெச் காகிதத்தை அழுத்திப் பாருங்க. 7-க்குப் பக்கத்தில் இருந்தா காரம் அடங்கிடுச்சு. 9 காட்டினா இன்னொரு சுற்று.

இதெல்லாம் நைலானுக்கு. கம்பளிக்கு பிஹெச் 8.5-ஐத் தாண்டக்கூடாது, தண்ணியும் கை பொறுக்கும் சூடுதான்.

பம்ப்பாண்டி:
மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், முதல்ல உறிஞ்சல் சரியா இருக்கான்னு பாருங்க. நல்ல தண்ணி 10 லிட்டர் ஊத்தி தெளிச்சு எடுங்க, ரிகவரி டேங்கில் (உறிஞ்சின அழுக்குத் தண்ணி சேர்ற டேங்க்) வந்ததை பக்கெட்டில் அளந்து பாருங்க. எட்டு லிட்டருக்கு மேல வரணும். குறைஞ்சா கார்பெட் குடிச்சிருக்கு.

மெஷினில் ஹோஸ் மாட்டுற வாயில் உள்ளங்கையை வெச்சு அடைச்சுப் பாருங்க, அப்புறம் அதே மாதிரி ஹோஸ் நுனியில். மெஷின் வாயில் நல்லா இழுத்து நுனியில் தளர்ந்தா, ஹோஸ் கஃப்பில் (மாட்டுற முனையில்) ஓட்டை. ரெண்டுலயும் தளர்ந்தா ரிகவரி மூடி ரப்பர், டிரெய்ன் வால்வு (அழுக்குத் தண்ணியை வெளியே விடுறது), உள்ளே பஞ்சு அடைச்ச லின்ட் ஃபில்டர், இதுல ஏதாவது ஒண்ணு. பாதி கேஸ் டிரெய்ன் வால்வுதான். ஒரு மணல் துகள் மாட்டினாலே போதும், வாய் முழுசா மூடாது. வெளியே சொட்டு தண்ணிகூட வராது, காத்து உள்ளே போறதால.

ரிகவரியில் நுரை எழும்பினா ஃப்ளோட் பந்து சீக்கிரமே மேலே போய் காத்தை அடைச்சிடும். நுரை மோட்டாருக்குள்ள போனா பேரிங் காலி. டிஃபோமரை (நுரை அடக்குற மருந்து) ஹோஸ் வழியா உறிஞ்ச விடுங்க, நல்ல தண்ணி டேங்கில் போடாதீங்க.

வாண்ட் (தண்ணி தெளிச்சு உறிஞ்சுற கைக்குழாய்) கோடு கோடா விட்டா, அதிலிருக்கும் ஜெட் (தெளிப்பு முனை) அடைச்சிருக்கு. வினிகரில் ராத்திரி முழுக்க ஊறவெச்சு கழுவுங்க. ஊசி, கம்பி விட்டுக் குத்தினா துவாரம் பெரிசாகி அந்த இடத்தில் மட்டும் வெள்ளம்.

வாண்டை இழுக்கிற வேகமும் முக்கியம்: அடிக்கு ஒன்றிரண்டு நொடி. கோடு முடிய ஒரு சாண் இருக்கும்போதே ட்ரிகரை விடணும், இல்லேன்னா கடைசியில் குட்டை நிக்கும். ஒரு ஈர இழுப்புக்கு ரெண்டு உலர் இழுப்பு. வாண்டின் கண்ணாடியில் தண்ணி ஓடுறது நின்னாத்தான் அடுத்த கோடு.

வெள்ளைப்பேட்:
இந்த மாதிரி ஒட்டின லூப் கார்பெட்டுக்கு ஒவ்வொரு தடவையும் வெந்நீர் முறை தேவையே இல்லைன்னு நினைக்கிறேன். என்காப்சுலேஷன் பண்ணுங்க. மருந்தைத் தெளிச்சு எதிரெதிரா சுத்துற பிரஷ் மெஷின் ஓட்டினா, பாலிமர் அழுக்கைச் சுத்திக்கிட்டு காய்ஞ்சு பொடியாகும். அடுத்த நாள் வேக்குவத்தில் வந்துடும். தண்ணி குறைவு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடக்கலாம், கறை மேலே ஏறவும் வழியில்லை.

வாங்கும் முன்னே ஒரு சோதனை: கலவையில் ஒரு ஸ்பூன் கண்ணாடித் தட்டில் ஊத்தி ராத்திரி விடுங்க. காலையில் நகத்தால் சுரண்டினா கண்ணாடித்தூள் மாதிரி உடையணும். ஜவ்வா இழுத்தா அந்தச் சரக்கு வேண்டாம்.

ஈரத்துணி:
பராமரிப்புக்கு சரி. ஆனா இப்பவே வேண்டாம். உள்ளே இருக்கும் பழைய ஷாம்பு பாலிமரோட கலந்தா அது பொடியாகாது, பிசுக்காத்தான் காயும். முதலில் வெறும் தண்ணியில் ரெண்டு முறை எடுத்து நுரை நின்ன பிறகு உங்க முறைக்கு வரலாம். அடித்துணி வரை இறங்கின சர்க்கரை டீயையும் மேலே பிரஷ் ஓட்டி எடுக்க முடியாது.

அந்த டீக்கறைகளுக்கு: டானின் (டீயில் இருக்கும் சாயப்பொருள்) கறைக்கான அமில ஸ்பாட்டரை, அதாவது கறை நீக்கி மருந்தை, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவி, 5 நிமிஷம் கழிச்சு, சின்ன வாண்டால் தண்ணி விட்டு எடுங்க. கார மருந்தை முதலில் போட்டா பழுப்பு இன்னும் அழுத்தமாகும். எடுத்ததும் வெள்ளைத் துண்டை நாலா மடிச்சு கறை மேல் வெச்சு, பிளாஸ்டிக் தாள் போட்டு, கனமான பொருள் ஒண்ணை வெச்சு ராத்திரி விடுங்க. மேலே வர்றது துண்டில் வரட்டும். சாயத் துண்டு வேண்டாம்.

நூல்கண்டு:
அளந்து பார்த்தேன், 10 லிட்டருக்கு ஆறுதான் வந்தது. டிரெய்ன் வால்வு வாஷரில் மணல். துடைச்சுப் போட்டதும் எட்டே முக்கால். நுரைச் சோதனையில் நடைபாதை முழுக்க நுரை. ரின்ஸ் பண்ணப் போறேன். கார்பெட் முடியற இடத்தில் மார்பிள் வராந்தா இருக்கு, அதுக்கும் இதே வினிகர் தண்ணி ஓடுமா? ஸ்கிரப்பர் (தரை தேய்க்கிற மெஷின்) ஓட்டின பின்னாடி அங்கே கோடு கோடா ஈரமும் நிக்குது.

பம்ப்பாண்டி:
ஐயோ, மார்பிளில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது! அது சுண்ணாம்பு வகைக் கல், அமிலம் பட்டா பாலீஷை அரிச்சு வெளிறின வட்டம் விடும், துடைச்சாலும் போகாது, திரும்ப பாலீஷ்தான் போடணும். வாசற்படி ஓரமா பிளாஸ்டிக் விரிச்சுட்டு வாண்டை எடுத்து வெளியே வாங்க. மார்பிளுக்கு நியூட்ரல் கிளீனர் (அமிலமும் காரமும் இல்லாதது), ஸ்கிரப்பரில் சிவப்பு அல்லது வெள்ளை பேட். கறுப்பு பேட் பழைய வேக்ஸ் உரிக்க மட்டும், மார்பிள் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

ஈரக்கோட்டுக்கு ஸ்கிரப்பரின் ஸ்குவீஜி ரப்பரை (தண்ணியை வழிச்சு எடுக்கிற பிளேடு) கழற்றி விளிம்பை விரலால் தடவிப் பாருங்க. கூர் மழுங்கியிருந்தா திருப்பிப் போடுங்க, பெரும்பாலான பிளேடுக்கு நாலு விளிம்பு உண்டு. கூரா இருந்தும் கோடு விட்டா, பிளேடு இடுக்கில் நூல் மாட்டியிருக்கும்.